ரெய்னோவுக்கு ஒரு இரண்டாவது குண்டு

ரெய்னோ கார்ப்பினன் வீட்டுக்குள் வந்தால் வந்தது தெரியாது. கதவுக் கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடியே மூடி, அது சட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் கையை எடுப்பார். கார்க் கதவை அடித்துச் சாத்தும் வழக்கம் கிடையாது, இடுப்பால் மெல்ல அழுத்துவார். அடுப்படியில் நிற்கும் மனைவி ஐலா திரும்பிப் பார்த்து, பின்னால் ஆள் நிற்பதைக் கண்டு கரண்டியைக் கீழே போட்டது எத்தனையோ முறை.

"ஒரு தடவை இருமிட்டாவது வாயேன் ரெய்னோ, பேய் மாதிரி வந்து நிக்கிற."

"இருமல் வரலையே" என்பார் அவர்.

முப்பது வருஷம் மரக்கட்டை லாரி ஓட்டியவர். அத்தனை வருஷ இரைச்சலுக்கும் சேர்த்துப் பழிவாங்குகிறார் என்றுதான் ஊரில் நினைத்தார்கள்.

அந்தக் குணத்துக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் மூஸ் வேட்டை. இலையுதிர்காலம் வந்துவிட்டால் வடக்கே பனிநாட்டில் உள்ள கைனூ பகுதி ஆண்களுக்கு வேறு பேச்சு இருக்காது. பெண்களிலும் பாதிப் பேருக்கு இருக்காது. குதிரை உயரத்துக்கு நிற்கிற அந்த மானை நாய் குரைத்துக் கிளப்பும். காட்டைச் சுற்றி ஆளுக்கு ஓர் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். யார் பக்கம் வருகிறதோ அவர் சுட வேண்டும். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் ஆறாம் நம்பர் இடம் ரெய்னோவுடையது. அங்கே வருகிற மூஸ் பத்தடி தள்ளி நின்று மென்றுகொண்டிருக்கும், மரத்தடியில் மனிதன் இருப்பது அதற்குத் தெரியாது. அவருடைய பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்கிற தாழைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அதை அவர் வெண்ணெய்க்குள் கத்தி இறங்குகிற மாதிரி மூடுவார். வேட்டைக் குழுவில் இதைப் புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார்கள். ரெய்னோ அந்தப் பேச்சு காதில் விழாத மாதிரி காபியைக் குடிப்பார். உள்ளுக்குள் பூரித்துப்போவார்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில் லாரி ஏணியில் பனி உறைந்திருந்தது. விழுந்ததில் வலது தோளின் தசைநார் கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து, கை சோறு தின்னவும் கார் ஓட்டவும் போதுமான அளவுக்குத் திரும்பியது. துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி முழங்கையை உயர்த்திச் சட்டென்று போல்ட்டை இழுக்க மட்டும் முடியவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூஸ் ஒரே குண்டில் விழுந்துவிட்டால் கைக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டார்.

போன வருஷம் விழவில்லை. ஓடுகிற மூஸின் பின்பக்கத்தைப் பார்த்துச் சுட்டார், அது வயிற்றில் பட்டது. இரண்டாவது குண்டுக்குக் கை எழும்பவில்லை. மூஸ் சதுப்பைத் தாண்டிப் போய்விட்டது. மறுநாள் நாய் கண்டுபிடித்தபோது இறைச்சி நாறிப்போயிருந்தது. அது எத்தனை மணிநேரம் துடித்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூட ரெய்னோ தாங்கியிருப்பார்.

வசந்தகாலக் கூட்டத்தில்தான் குழுத் தலைவர் ஓஸ்மோ பேசினார். பால் பண்ணைக்காரர், வார்த்தையைச் சில்லறை மாதிரி எண்ணிக் கொடுக்கிறவர்.

"ரெய்னோ, ரெண்டாவது குண்டு சுட முடியற துப்பாக்கியோட வா. இல்லேன்னா வேட்டைக் குடில்ல சூப்புப் பானையைப் பாத்துக்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் கேக்கவே மாட்டேன், பானைதான்."

சூப்பு வைப்பது கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்த வேலைக்குப் போனவர்கள் யாரும் திரும்பக் காட்டுக்குள் போனதில்லை. ரெய்னோ "சரி" என்றார்.

இடது தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். குறி பார்க்க வேண்டிய கண்ணே மூடிக்கொண்டது. மிச்சம் இருந்தது ஒரே வழி: ஒரு குண்டு போனதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கி. படகு எஞ்சினை விற்றார்.

"படகுக்கு?" என்று கேட்டாள் ஐலா.

"துடுப்பு இருக்கே."

"தோளு?"

ரெய்னோ தோளைத் தடவிக்கொண்டார். ஐலாவே சிரித்துவிட்டாள். "நானே துடுப்புப் போடறேன், போ. நீ வீட்ல உக்காந்து சன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்."

கயானி டவுனில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த மார்கெத்தா மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதலாவது புத்தம் புதிது, எடை குறைவு, பிளாஸ்டிக் கட்டை. தூக்கினால் மீன்பிடிக் கழி மாதிரி இருந்தது. விலையைக் கேட்டதும் ரெய்னோ மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். அவர் காரை விற்றாலும் அந்தப் பணம் வராது.

இரண்டாவது மலிவு, சந்தேகப்படும் அளவுக்கு மலிவு.

"இது ஏன் இந்த விலை?"

"கம்பெனி மூடியாச்சு. தோட்டா அடுக்கற மேகசின் தொலைஞ்சா வேற கிடைக்காது. ஒவ்வொரு குண்டையும் கையால போட்டுக்கிட்டு நிப்பீங்க. எனக்கு வித்தா நல்லதுதான், உங்களுக்கு வேணாம்."

மூன்றாவது இருபது வருஷப் பழையது. கட்டையில் யாரோ ஒருவரின் கன்னம் தேய்ந்த பளபளப்பு. கனம் என்றால் அப்படி ஒரு கனம். ரெய்னோ தோளில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"கனம்னு பாக்கறீங்களா?" என்றாள் மார்கெத்தா. "எவ்வளவு தூரம் தூக்கிட்டு நடப்பீங்க?"

"ரோட்டுலேருந்து ஆறாம் நம்பர் வரைக்கும். சிகரெட் பத்தவச்சா முடியறதுக்குள்ள போயிடலாம்."

"அப்போ கனம் உங்களுக்கு நல்லது. சுடறப்ப வர்ற உதை பாதி இதுலயே செத்துடும். மீதியில கொஞ்சத்தை உள்ள அடுத்த குண்டை ஏத்தற ஸ்பிரிங் வாங்கிக்கும். அந்தத் தோளுக்கு இதைவிட மெத்துன்னு எதுவும் என்கிட்ட இல்ல."

நியாயமாகப் பட்டது. புதிய ஜன்னல் ஒன்று போடுகிற செலவுக்குள் முடிந்தது. போலீஸ் அனுமதி வந்த பிறகு எடுக்கப் போனபோது, மார்கெத்தா போல்ட்டைப் பின்னால் இழுத்துக் காட்டி, கையை விட்டாள். கடையே அதிரும்படி அது முன்னால் பாய்ந்து மூடிக்கொண்டது. ரெய்னோ கண்ணைச் சிமிட்டினார்.

"இப்படித்தான் மூடணும். ஸ்பிரிங் பாத்துக்கும். கையால கொண்டுபோய் விடாதீங்க. முழுசா உக்காராது, அப்புறம் வெடிக்காது."

தலையாட்டினார். பயிற்சி மைதானத்தில் அவள் சொன்னபடியே செய்தார். அங்கேதான் எல்லோரும் சுட்டுக்கொண்டிருக்கிறார்களே, சத்தத்துக்கு என்ன வெட்கம். வேட்டைக்காரர்களுக்கான சுடும் தேர்வில் தேறினார். தோள் வலிக்கவில்லை. குழுவின் வாயாடி கௌகோ மட்டும் விடவில்லை.

"மெஷின்கன் வாங்கிட்டியாமே? மூஸைச் சுடப்போறியா, காட்டையே அறுக்கப்போறியா?"

ஓஸ்மோ சிரிக்கவில்லை. அந்த வகைத் துப்பாக்கி கைக்கு வந்தால் மனுஷன் குறி பார்க்காமல் குண்டைப் பொழிவான் என்பது அவருடைய அபிப்பிராயம். அது ரெய்னோவுக்கும் தெரியும்.

முதல் வேட்டை நாள் விடிந்தபோது புல்லெல்லாம் உறைபனி. காற்று இல்லை. ரெய்னோ ஆறாம் நம்பரில் பைன் மரத்தில் சாய்ந்து நின்றார். ரேடியோவில் ஓஸ்மோவின் குரல் வந்தது: "எல்லாரும் தோட்டா போட்டுக்கலாம்." மூன்று தோட்டாக்கள் இருந்த மேகசினைப் பொருத்தினார். போல்ட்டை இழுத்தார். அந்த நிசப்தத்தில் அதை எப்படி விடுவது? நாற்பது வருஷப் பழக்கம் கையில் உட்கார்ந்திருந்தது. கையாலேயே பிடித்து, மெல்ல, மெல்லக் கொண்டுபோய் மூடினார். ஒரு சத்தமில்லை. கடைசியில் ஒரு மயிரிழை மிச்சம் இருந்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மனதுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

நாய் தொலைவில் குரைக்க ஆரம்பித்தது. குரைப்பு நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கியது. பிறகு புதருக்கு இடையிலிருந்து ஓர் இளம் ஆண் மூஸ் நடந்து வந்து பக்கவாட்டில் நின்றது. இதைவிட நல்ல குறி யாருக்கும் கிடைக்காது. ரெய்னோ மூச்சை விட்டு, அதன் தோளுக்குப் பின்னால் குறி வைத்து, விசையை அழுத்தினார்.

டிக்.

மூஸ் காதைத் திருப்பியது. ரெய்னோவுக்கு அந்த நொடியிலேயே என்ன செய்தோம் என்று புரிந்துவிட்டது. துப்பாக்கியைத் தாழ்த்தி, போல்ட்டை இழுத்தார். வெடிக்காத தோட்டா பனியில் விழுந்தது. இந்த முறை கையை விட்டார். இரும்புக் கதவை அறைந்த மாதிரி காடு முழுக்கக் கேட்டது. மூஸ் திரும்பிப் பாய்ந்தது.

துப்பாக்கி தோளுக்கு வந்தது. உள்ளே இரண்டு குண்டுகள், வெறும் விரலசைவில் இரண்டும் போய்விடும். துப்பாக்கியின் குறிக்கண்ணாடிக்குள் மூஸின் பின்பக்கம் குலுங்கிக்கொண்டு ஓடியது. சுட்டால் பட்டாலும் படும். படாவிட்டாலும், சுட்டேன், கிடைக்கவில்லை என்று ஆகிவிடும். யாரும் பானையை நீட்ட மாட்டார்கள். ரெய்னோ விசையிலிருந்து விரலை எடுத்தார். மூஸ் மரங்களுக்குள் மறைந்தது.

ரேடியோ கரகரத்தது. "ஆறாம் நம்பர், உன் பக்கம்தான வந்துச்சு? வெடிச் சத்தமே கேக்கலையே?" ஓஸ்மோவின் குரல்.

மரம் மறைத்துவிட்டது என்று சொல்லலாம். குழு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். ரெய்னோ பொத்தானை அழுத்தினார்.

"பக்கத்துலயே வந்து நின்னுச்சு. நான் போல்ட்டைச் சத்தமில்லாம மூடியிருக்கேன், சரியா உக்காரலை. வெடிக்கலை. என் தப்பு."

உடனே கௌகோவின் குரல் வந்தது. "துப்பாக்கியையும் உன்னை மாதிரியே வளத்துட்டியே, ரெய்னோ!"

"கௌகோ, வாயை மூடு" என்றார் ஓஸ்மோ. "ரெய்னோ, மறுபடி ஏத்தினியா?"

"ஏத்தினேன்."

"அது ஓடும்போது உள்ள தோட்டா இருந்துச்சா?"

"ரெண்டு இருந்துச்சு."

"அப்புறம்?"

"பின்பக்கம்தான் தெரிஞ்சுது."

ரெய்னோ பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். குடிலில் தொங்கும் பெரிய பானை ரெய்னோவின் கண்முன் வந்து நின்றது. துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று மார்கெத்தாவிடம் எப்படிக் கேட்பது என்றுகூட யோசித்துவிட்டார். இந்த இடத்தின்மேல் இத்தனை ஆசை வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"நீ ரெண்டாவது தடவை மூடின சத்தம் இங்க என் காதுக்கே கேட்டுச்சு" என்றார் ஓஸ்மோ. "இனிமே அப்படியே மூடு. நாய் அதை வளைச்சுத் திருப்பிக் கொண்டுவருது. நீ அங்கயே நில்லு. அது உன் இடம்."

ரெய்னோ மரத்திலிருந்து நிமிர்ந்து நின்றார். பொத்தானை அழுத்தி, வாழ்நாளில் வராத குரலில், "நிக்கிறேன்!" என்றார்.

"அய்யோ, கத்தாதய்யா" என்றான் கௌகோ. "மூஸுக்குக் கேட்டுடப் போகுது."