வெயில் கோட்டுக்காரர்

வீட்டில் அவர் ‘என்னங்க’. தெருவில் ‘வெயிலண்ணன்’. இந்தப் பட்டம் ஐம்பத்திரண்டு வயதில்தான் கிடைத்தது. அதற்கு முன் அவர் பார்த்த உத்தியோகங்களை எண்ணக் கைவிரல் போதாது. எதிலும் திருடியதில்லை, குடித்ததில்லை. உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும், அவ்வளவுதான். காவல்காரராக இருந்தபோது, வழியே போன யாரோ அவரைத் தட்டி எழுப்பிக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்களாம்.

கடைசியாக வந்தது, உடுத்திக்கொள்ளும் வேலை. ஓர் ஆய்வுக்கூடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் மை அச்சிடுவதுபோல் சூரிய மின்கலம் அச்சிட்டார்கள். வெங்காயச் சருகைவிட மெல்லியது, மடக்கினாலும் உடையாது, வெயில்தான் வேண்டும் என்றில்லை, அறை விளக்கே போதும். அதை ஒரு கோட்டின் தோளிலும் முதுகிலும் பதித்திருந்தார்கள். பையில் ஒரு குட்டிப் பெட்டி. எந்நேரம் எவ்வளவு மின்சாரம் வந்தது என்று அது குறித்துக்கொள்ளும். மின்சாரம் வந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். மூன்று மாதம் கோட்டைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல நடமாட வேண்டும்.

“போட்டுக்கிட்டுச் சும்மா திரியறதுக்கு ஒரு வேலையா?” என்றாள் மனைவி. “இதுவும் போச்சுன்னா எங்க அண்ணன் கிடங்குதான். சொல்லிட்டேன்.”

மச்சானின் கிடங்கு என்றதும் அவர் அவசரமாகக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அங்கே மூட்டை கனமில்லை, மச்சானின் பேச்சுதான் கனம். “மாப்பிள்ளை, உங்க வயசுல நான்...” என்று ஆரம்பிப்பார். இருவருக்கும் ஒரே வயது.

முதல் வாரமே வெயிலண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். வெளிச்சம்தானே வேண்டும்? கோட்டைக் கொடியில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். நாலு மணிக்கு எழுந்து, உதறிப் போட்டுக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றினார்.

ஆய்வுக்கூடத் தலைவி மேடம், திரையில் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார். கோடு தேங்கிய குளம்போல அசையாமல் இருந்தது.

“ஒரு மனுஷன் ஆறு மணி நேரம் திரும்பிக்கூடப் பார்க்காம நிப்பாரா?”

“கழுத்துப் பிடிப்பு மேடம்.”

“கோட்டுக்குமா?”

ஒப்புக்கொண்டார். இனி இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று மேடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் அரிச்சந்திரன். சாப்பிடும்போதும் கோட்டு, சலூனிலும் கோட்டு. முடிவெட்டுபவர் துண்டைப் போர்த்த வந்தால், “மூடாதப்பா, அதுக்கு மூச்சு முட்டும்” என்பார். பல வருடம் கழித்து வெயிலண்ணன் காலமான பிறகும் அந்தக் கோட்டு ஆய்வுக்கூடத்தில்தான் தொங்குகிறது. இடது தோள் சற்றே இறங்கி, இன்னும் அவர் சாயலில்.

ஐந்தாம் வாரம் வம்பு வந்தது. தினமும் எட்டு நாற்பதிலிருந்து ஒன்பது இருபது வரை மின்சாரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

“கழட்டிப் பையில வச்சுட்டுத் தூங்குறீங்க,” என்றார் மேடம்.

“அது பஸ் நேரம் மேடம். நிக்கவே இடமில்ல, எங்க தூங்குறது?”

“கொடியில காயப்போட்டவர்தானே நீங்க?”

பொய் சொன்னபோது கழுத்துப்பிடிப்பு வரை கைகொடுத்தது. உண்மை சொல்லும்போது ஒன்றுமே கைகொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து கோட்டை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பஸ்ஸில் பெட்டியைப் பைக்கு வெளியே தெரியும்படி வைத்து, கண்ணை அந்தப் பச்சை விளக்கிலேயே வைத்திருந்தார். மேல் கம்பியைப் பிடித்தார், அணைந்தது. டிக்கெட் எடுக்கக் கையை இறக்கினார், எரிந்தது. மறுபடி பிடித்தார், அணைந்தது. பக்கத்தில் நின்றவர், “என்னண்ணே, காலையிலயே உடற்பயிற்சியா?” என்று கேட்டார்.

போய்ச் செய்துகாட்டினால், பெட்டியை நோண்டுகிறான் என்பார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை பரமசாதுவாகப் போய் நின்றார்.

“கோட்டு இந்தாங்க மேடம். ஒரே ஒரு ஆசை. நான் தூங்குனதை அந்தப் பலகையில வரைஞ்சு காட்டுங்க, புரிஞ்சுக்கிட்டுப் போறேன். இங்க ஏசி குளிருது. இதைப் போட்டுக்கிட்டே வரையுங்களேன்.”

மேடம் சந்தேகமாகப் பார்த்தார். ஆனாலும் போட்டுக்கொண்டார். பெட்டியை அதன் ஒயரோடு வெளியே எடுத்து, பலகையோரம் இருந்த மேசைமேல் ஆய்வுக்கூடத்தார் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்கள். பச்சை எரிந்தது.

“இது எட்டு மணி,” என்று வரைபடக் கோட்டின் தொடக்கத்தைப் பலகையின் உச்சியில் வைக்கக் கையை உயர்த்தினார். பச்சை அணைந்தது.

“மேடம், தூங்கிட்டீங்க,” என்றார் வெயிலண்ணன்.

அறையில் யாருக்கும் சிரிக்கத் துணிவில்லை. மேடம் கையை இறக்கினார். எரிந்தது. ஏற்றினார், அணைந்தது. ஏழெட்டு முறை செய்துவிட்டு, கோட்டைக் கழற்றித் தோள்பட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கையைத் தூக்கும்போது துணி குறுக்கே முறுக்கிக்கொள்கிறது. இணைப்புக் கம்பித்தடத்தில் மயிரிழை விரிசல். எல்லாக் கலமும் ஒரே வரிசையில் இருப்பதால், அங்கே அறுந்தால் முதுகும் அணைந்துவிடும்.

“நம்ம சோதனை மிஷின் இதைப் பத்தாயிரம் தடவை மடக்கிச்சே,” என்று முணுமுணுத்தார்.

“நேரா மடக்கியிருக்கும் மேடம். அது பஸ்ல போனதில்ல.”

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு, “வேற என்னெல்லாம் மிஷின் செய்யாது, சொல்லுங்க,” என்றார்.

அவர் சொல்லத் தொடங்கினார்: முதுகு சொறிவது, பரணில் பெட்டி ஏற்றுவது, கோபத்தில் கோட்டைச் சுருட்டி எறிவது. மேடம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். மூன்று மாத வேலை ஒரு வருடமானது.

அன்று மாலை மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள். “இல்லண்ணே, அவர் கிடங்குக்கு வரமாட்டார். மிஷினுக்கு மனுஷன் மாதிரி நடந்துக்கச் சொல்லித் தர்றாராம்.”

“அதுக்கு இவரா கிடைச்சாரு?”

“ஏன், அவருக்கென்ன குறைச்சல்?” என்றாள் அவள். மச்சான் மேலும் ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் போனை வைத்துவிட்டாள்.