ஓக் பலகைக்கு அடியில்

எங்கள் வீட்டின் ஓக் பலகைத் தரைக்கு வீட்டின் வயதுதான். முன்பிருந்தவர்கள் அதன்மேல் ஒட்டியிருந்த கார்ப்பெட்டைக் கிழித்து, ஒரு கோடை முழுவதும் முழங்காலில் நின்று பசையைச் சுரண்டியவள் நான். ஜன்னலோரம் பூச்சட்டி வைத்ததால் விழுந்த கறுப்பு வட்டம் மட்டும் போகவில்லை. அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிற சனம் நாங்கள். பனிக்காலத்தில் அந்தத் தரையில் கால் விறைத்துப்போகும். தரைக்கடியில் சுடுதண்ணீர்க் குழாய் ஓட்டலாம் என்றான், வீடுகளைச் சூடாக்கும் ஹீற்றிங் வேலை செய்யும் என் தம்பி.

"பேஸ்மென்ற் சீலிங்கைத் திறந்து கீழால பூட்டுவன் அக்கா. பலகையில ஒரு கீறலும் விழாது."

சொந்தத் தம்பியிடம் எழுதி வாங்குவதா? வீட்டுக் கதவின் திறப்பை அவனிடம் கொடுத்துவிட்டு, ஒரு கலியாணத்துக்காக மொன்றியல் போய் ஒரு கிழமை நின்றேன். தினமும் கணவரிடம் தொலைபேசியில் விசாரித்தேன்.

"எல்லாம் நல்லாப் போகுது. நீர் யோசிக்காதையும்."

திரும்பி வந்து கதவைத் திறந்தால், வழவழவென்று புதுப் பலகை. பூச்சட்டி வட்டத்தைக் காணவில்லை.

வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் இருப்பது கணவரின் தங்கை குடும்பம். சீலிங்கைத் திறந்தால் அவர்கள் கொஞ்ச நாள் வேறிடம் போகவேண்டும். தங்கையிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மேலால் பலகையைக் கிளப்பச் சொல்லியிருக்கிறார். கிளப்பியதில் எல்லாம் பிளந்து குப்பைக்குப் போய்விட்டது.

"அத்தான்தான் சொன்னவர் அக்கா," என்றான் தம்பி.

"எனக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்திருக்கலாமேடா?"

"எடுத்தா நீங்கள் விடமாட்டியள் எண்டு தெரியும்."

பலகை கைதவறி உடைந்திருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பேன். நான் மொன்றியலுக்குப் போகட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்ததைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

தரை இப்போது நல்ல சூடு. வருகிறவர்கள் காலை வைத்துப் பார்த்து மெச்சுகிறார்கள். தம்பிக்கு வழமைபோல் தேத்தண்ணி கொடுக்கிறேன். வீட்டுத் திறப்பை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் செருப்புப் போட்டறியாத நான், தடித்த அடியுள்ள ஒரு சோடி வாங்கினேன்.

"தரை சூடாத்தானே கிடக்கு, உது என்னத்துக்கு?" என்று கணவர் ஒருமுறை கேட்டார்.

சாமியறை வாசல்வரை அந்தச் செருப்போடுதான் நடக்கிறேன்.