கையை விட்டாலும் இறங்கி நின்ற சுரம்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். கிரேன்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் என் பொறுப்பு. என் அண்ணன் சோழவரம் பக்கம் எங்கள் சர்ச்சில் சின்தசைசர் கீபோர்டு வாசிப்பவர். கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய பழைய ஜப்பான் கருவி அது. முகப்பு முழுக்கத் திருகுகிற குமிழ்களும் தள்ளுகிற குமிழ்களும் இருக்கும்.

போன வருடம் பாட்டின் நடுவே சுரம் இறங்கத் தொடங்கியது. பாடுகிறவர்கள் ஒரு பக்கம் போக, வாத்தியம் இன்னொரு பக்கம் போனது. பாடகர் குழுவில் மூத்தவர் ஒருவர் நேராகவே, "வயசாயிடுச்சில்ல, காது டல்லாயிக்கீது" என்றார். அண்ணன் கருவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்க் கருவியை எடுக்கச் சொன்னேன்.

"வுடும்மா. கடைக்காரனே ஸ்பேர் கெடைக்காதுன்ட்டான். எனக்கும் காது போச்சி."

"நீ வாசி ணா, நான் பாத்துக்கினே இருக்கேன்."

ஒரு கட்டையை அழுத்தியபடி, சுரத்தை வளைக்கும் இடப்பக்க லீவரை ஆட்டிவிட்டார். லீவர் நடுவுக்குத் திரும்பியது. சுரம் திரும்பவில்லை, சற்றுக் கீழேயே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிரேனில் நான் எத்தனையோ முறை பார்த்த கோளாறு! இயக்குபவர் கைப்பிடியை விட்ட பிறகும் கிரேன் மெல்ல ஊர்ந்தால், கைப்பிடிக்கு அடியில் இருக்கும் 'பாட்' தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன பாகம்தான் அது.

மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தேன். ஒவ்வொரு முறை லீவரை விட்டபோதும் ஒவ்வோர் அளவு காட்டியது.

"பாத்தியா ணா? உன் காது நல்லாதான் கீது. இதான் பொய் சொல்லிக்கினு இருந்துச்சி."

அண்ணன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தானே லீவரை ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, அவரையும் பார்க்கச் சொன்னார்.

அதே பாட் எங்கும் கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் அதே அளவுள்ள வேறொன்று கிடைத்தது. அதன் தண்டுதான் நீளம். மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு தொழிற்சாலைப் பட்டறையில் அறுத்து, அரத்தால் ராவினேன். அடுத்த விடுமுறையில் பற்றவைத்தேன். தொட்டாலே கரகரத்த மற்றக் குமிழ்களுக்குள் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் தேய்த்துவிட்டேன். லீவரின் நடுநிலையைச் சரிசெய்யும்போது, சுரம் சரியா என்று காட்டும் ட்யூனர் போனில் இருந்தும் அதை நான் திறக்கவே இல்லை.

"நீயே சொல்லு ணா."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சுரத்தைக் கவனித்தார். "இன்னும் கொஞ்சம்... தோ, அங்கியே நிறுத்து."

பிறகு ட்யூனரைத் திறந்து பார்த்தேன். முள் சரியாக நடுவில் நின்றது. போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டிலேயே குழு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முடிந்ததும் அந்த மூத்தவர் வந்து, "புச்சா வாங்கிட்டியா?" என்றார்.

"பழசுதான். என் தங்கச்சி ரெடி பண்ணா. கிரேனையே ஓடவுடறவ, இது இன்னா அவளுக்கு!" என்று வாசல்வரை கேட்கும்படி சொன்னார் அண்ணன்.

டன் கணக்கில் இரும்பு தூக்கும் கிரேனை ஓடவைத்த நாளில்கூட நான் அந்த ஞாயிறுபோல் நிமிர்ந்து நடந்ததில்லை.