விதானையாரிடம் அனுமதி கேட்கப் போன காலை

தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இழுத்தடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவள் தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் இருக்கிறாள். நான் யாழ்ப்பாணத்து உடுவிலில், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு தனியே இருக்கிறேன். இலங்கைக்குத் திரும்ப விருப்பமானவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று முகாமில் அறிவித்திருந்தார்கள். "அக்கா, நாங்களும் பேர் குடுக்கட்டோ?" என்று தொலைபேசியில் கேட்டாள். பெயர் கொடுத்து இந்தப் பக்கம் வந்துவிட்டால் பிறகு அங்கே போய் வாழ வழியில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். நானும் அப்படி வந்தவள்தான்.

போருக்குத் தப்பி நாங்கள் படகேறியபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. தங்கச்சி அம்மாவின் இடுப்பில் இருந்தாள். அந்தக் கரையில்தான் அவள் நடக்கப் பழகினாள், அம்மை வந்து படுத்தாள், எழுத்துப் படித்தாள். முகாமிலேயே வளர்ந்த ஒருவரைக் கலியாணம் கட்டி ஒரு மகளையும் பெற்றாள். ஆனாலும் அந்த நாட்டுச் சட்டத்துக்கு இன்றுவரை அவள் அனுமதியில்லாமல் வந்தவள்தான். இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடுப்பில் இருந்த பிள்ளை எந்தச் சட்டத்தை மீறியது? படகைத் திருப்பு என்று ஓட்டியிடம் சொல்லியிருக்க வேண்டுமாக்கும். அந்த நாடு எங்களுக்குச் சோறு போட்டது, படிப்பித்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வளர்த்த பிள்ளையைக் காலம் முழுக்க வாசலிலேயே நிறுத்தி வைப்பது என்ன நியாயம்? இருக்க விட வேண்டும், அவ்வளவுதான்.

நான் வந்தது அம்மாவுக்காக. பிறந்த மண்ணில்தான் கண்ணை மூடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வந்தார், மூடினார். அதற்குப் பிறகு வீடும் நானும்தான். பகலில் மானிப்பாயில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் என் பேச்சைக் கேட்டுவிட்டு "இந்தியாக்காரியோ?" என்பார்கள். அங்கே இருந்த காலம் முழுக்க நான் சிலோன்காரி. கடல் கடந்ததில் பட்டப்பெயர் மட்டும் மாறியது.

தங்கச்சிக்கு "வா" என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அந்த ஆசையில் பூட்டிக் கிடந்த பின்னறையைத் திறந்து, கூட்டிக் கழுவி, கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டு வைத்தேன். அவள் வந்தால் சண்டை பிடிக்கவாவது ஓர் ஆள் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் கடையில் என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு வவுனியாவில் கலியாணம் வந்தது. போனால் ஓர் இரவு தங்க வேண்டும். முகாமில் அப்படி வெளியூர் போவதென்றால் அதிகாரியிடம் முதலே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். கணக்கெடுக்கும் நாளில் குடும்பத்தில் ஒரு தலை குறைந்தாலும் கேள்வி வரும். எந்த வேலையில் நின்றாலும் அன்றைக்கு ஓடி வந்து வாசலில் நிற்போம். அப்படியே வளர்ந்த எனக்கு இங்கே அது தேவையோ என்ற யோசனையே வரவில்லை. காலையிலேயே தலை வாரி இழுத்து, நல்ல சேலை உடுத்து, அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு எங்கள் பகுதிக் கிராம அலுவலரான விதானையாரின் அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

"என்ன பிள்ளை, காணி அலுவலோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. வவுனியாவிலை ஒரு கலியாணம். ஒரு ராவு தங்கோணும்."

"ஓம், அதுக்கு?"

"உங்களிட்டை அனுமதி கேப்பமெண்டு வந்தனான்."

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விளையாடுகிறேனோ என்று நினைத்திருப்பார். முகாமில் இருந்து வந்தவள் என்று பிறகு விளங்கியிருக்க வேண்டும், முகம் இளகிவிட்டது. "உதெல்லாம் இஞ்சை தேவையில்லைப் பிள்ளை. ஒரு இரவென்ன, ஒரு மாதம் நிண்டிட்டு வாங்கோ. ஆர் உங்களைத் தேடப்போகினம்?" என்றார்.

நல்ல மனதோடு சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே வெளியில் வந்தேன். ஆனால் சைக்கிளில் ஏறிய பிறகு அந்தக் கடைசி வசனம் என்னைப் போட்டுப் பிடுங்கியது. முகாமில் ஆட்டை எண்ணுவது போல எண்ணுகிறார்களே என்று எத்தனை நாள் வாய்க்குள் திட்டியிருப்பேன். இங்கே என்னை எண்ண ஒருவரும் இல்லை.

கலியாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன், அடுத்த நாள் பின்னேரம் திரும்பி வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ராத்திரி உங்கடை வீட்டிலையும் கரண்ட் நிண்டதோ?" என்று கேட்டார். நான் வீட்டில் இல்லாதது அவருக்குத் தெரியாது. "ஓம், நிண்டதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பின்னறைக் கட்டிலில் இருந்து வெகுநேரம் யோசித்தேன். தங்கச்சியின் மகள் அங்கே பள்ளிக்கூடத் தோழிகளோடு கை கோத்துக்கொண்டு திரிகிறவள். தங்கச்சிக்குப் பக்கத்துக் குடிசையில் இருமினால் யார் என்று தெரியும். அவர்களைக் கூப்பிட்டு இந்த வீட்டில் வைத்தால், ஒருத்தி தனியே இருந்த இடத்தில் மூன்று பேரும் நானுமாய் நாலு பேர் தனியே இருப்போம். அவர்களைக் கூப்பிடுவது என் தனிமைக்கு மருந்தாகுமே தவிர, அவர்களுக்கு நல்லதாகாது.

அன்று இரவே தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "பேர் குடாதை. அங்கையே இரு. எண்டைக்கோ ஒரு நாள் உங்களை இருக்க விடத்தானே வேணும்."

 "நீ அங்கை தனிய என்ன செய்வாய்?" என்றாள்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்றேன்.  உடனே வேறு கதை எடுத்தேன். "இண்டைக்குக் கணக்கெடுப்பெல்லோ, முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. எல்லாரும் இருக்கினமோ எண்டு கேட்டவை. எல்லாரும் இருக்கிறம் எண்டு சொன்னனான்."

நல்லது என்று சொல்லிவிட்டு வைத்தேன். எழும்பிப் போய்ப் பின்னறையைப் பூட்டினேன்.