சர்டிபிகேட் சாரின் தலைமைப் பண்பு

எங்கள் நூலகத்துக்குத் தலைவராக வாய்த்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் சர்டிபிகேட் சார். இருபத்திரண்டு வருட வேலையில் அந்த மனிதர் ஒரு புத்தகத்தையாவது அலமாரியில் அதன் இடத்தில் வைத்ததாக எனக்கு நினைவில்லை. பேச்சு மட்டும் வாய் கிழியும். எங்கே பயிற்சி முகாம் என்றாலும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் தெரியாத அளவுக்குச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். அவர் மனைவியே ஒருமுறை, "வீட்ல ஒரு பல்பு மாத்தணும்னாக்கூட மீட்டிங் போடறாரு" என்று என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

போன வருடம் ஐந்து நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போனார். வந்ததும் வராததுமாக எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆளுக்கொரு பட்டம் கொடுத்தார். புத்தகம் அடுக்கும் அக்கா, பழைய புத்தகங்களைக் கழிக்கும் குழுவுக்குத் தலைவி. குழுவில் வேறு ஆளே கிடையாது. அக்கா ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். இன்னும் இரண்டே மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். கவுன்ட்டரில் இருக்கும் எனக்குக் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை.

"ஒரு வார்த்த விடாம எழுதணும். பயிற்சியில சொல்லியிருக்காங்க" என்றார். எழுதினேன்.

முதல் உத்தரவு அக்காவுக்கு. ஐந்து வருடமாக இரவல் முத்திரை விழாத புத்தகம் எதுவானாலும் கழித்து, எடைக்குப் போட்டுவிட வேண்டும்.

அக்கா எழுந்தார். "சார், மாடி ரூம் புத்தகத்துல முத்திரை எப்படி சார் இருக்கும்? அகராதி, சட்டப் புத்தகமெல்லாம் நாம வீட்டுக்கே குடுக்கறதில்லையே. அங்கயே உக்காந்துதானே படிக்கறாங்க?"

நூலகத்தில் ஒரு வாரம் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த விஷயம் அது. சார் சிரித்தார்.

"நீ இப்ப தலைவிம்மா. தலைவி கேள்வி கேக்கக் கூடாது, முடிவெடுக்கணும்."

"அப்ப கழிக்க வேணாம்னு முடிவெடுக்கறேன் சார்."

"முடிவ நான் எடுத்தாச்சு. நீ கையெழுத்து மட்டும் போடு."

அக்கா போட்டார். வேறு என்ன செய்வார்? நானும் வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

எழுநூறு புத்தகங்கள் லாரி ஏறின. மறுவாரம் மாடிக்குப் படிக்க வந்த வக்கீல்கள் காலி அலமாரிகளைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து கத்தினார்கள். அதற்குள் எல்லாம் அரைத்துக் கூழாகியிருந்தது. மேலதிகாரி விசாரிக்க வந்தார். நம் தலைவர் காலரைச் சரிசெய்துகொண்டு, "பொறுப்ப நம்பிக் குடுத்தேன் சார். கையெழுத்து அந்தம்மாவுதுதான்" என்றார். கூச்சநாச்சம் இருந்தால்தானே! அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒன்பது வருட உழைப்பு அவர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

குறிப்பு நோட்டை எடுத்து வந்து அதிகாரி முன்னால் வைத்தேன். 'சார் சிரித்தார்' என்பது உட்பட ஒரு வார்த்தை விடவில்லை. அவர் இரண்டு முறை படித்தார்.

அக்காவின் வேலை நிரந்தரமானது. சாரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பார்த்தால், நூலகம் நடத்த லாயக்கில்லை என்று பயிற்சி மையத்துக்கு மாற்றினார்கள், தலைமைப் பண்பு சொல்லிக்கொடுக்க! கருமம், கருமம். நிரந்தர ஊழியர்களுக்கு அந்தப் பயிற்சி கட்டாயமாம். அக்காவும் ஐந்து நாள் போய்விட்டு வந்தார்.

"என்னக்கா சொல்லிக்குடுத்தாரு?"

"நம்ம கதையத்தான். அதுல மாடிப் புத்தகத்த எடைக்குப் போட்டது வெவரம் தெரியாத ஒரு பொம்பள. வேணாம்னு சொல்லிப் பாத்தது அவரு."

"நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"கை தட்டினேன். தட்டாட்டி சர்டிபிகேட் கிடையாதாம்."