ஹாதி பாயின் மூக்கு

ஹாதி பாய் ஒயினில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்ததில்லை. ஆனால் புதுச்சேரி கடற்கரைக்குப் பின்தெருவில், அன்பழகனின் உணவகத்தில் ஒயின் பாட்டில் திறப்பது அவர்தான். தக்கையை உருவுவார், கிளாஸில் கொஞ்சம் ஊற்றுவார், மூக்கை உள்ளே விட்டு முகர்வார். தலையாட்டினால் மேசைக்குப் போகும். முகம் சுளித்தால் கொட்டிவிடுவார்கள். அந்த மூக்கை நம்பித்தான் கடை ஓடியது.

விற்பது பிரான்ஸில் ரோஷ்வெர் என்ற தோட்டத்து ஒயின் மட்டும். ஊற்றும்போதே தோட்டத்துக் கதையையும் ஊற்றுவார். அந்தத் தோட்டத்துப் பழைய முதலாளியைப் போலத் தொண்டையைக் கரகரக்க வைப்பார்.

"'எல எல்லாம் பச்சையா இருக்கு மிஸ்யே, இன்னா கவல?'ன்னாராம் கெழவரு. வேர்ல பூச்சி தின்னுக்கினு இருந்துது. மலைச்சரிவே மொட்டை! அப்புறம் பூச்சிக்கு அசராத அமெரிக்கா வேர்ல நம்ம திராட்சக் கொடிய ஒட்டுப் போட்டாங்க. பழத்தத் தோலோட புளிக்க வெச்சு, ஓக் பீப்பாயில தூங்க வெச்சா, இந்த நெறம்."

சென்னையிலிருந்து காரில் வருபவர்கள் உருகிப்போவார்கள். "செம ப்ரோ! கிளாஸ கொஞ்சம் மேல தூக்குங்க, போட்டோ!"

ஏப்ரலில் ஹாதிக்குக் கடுமையான காய்ச்சல். கோரிமேடு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்து வீடு திரும்பினார். அடுப்படியில் மனைவி பதுருன்னிசா எதையோ வறுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சமையல்?"

"கருவாடு. தெருவே நாறுது, கேக்குறீங்களே, கிண்டலா?"

ஹாதி வாணலிமேல் குனிந்து மூச்சை இழுத்தார்; ஒன்றும் தெரியவில்லை. வேறு வேலை தெரியாத மனிதர். மறுநாள் கடைக்குப் போய், வழக்கம்போல் முகர்ந்தார், தலையாட்டினார். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கிளாஸ்கள் மட்டும் பாதி நிறைந்தபடி திரும்பிவந்தன.

"இன்னா பாய், பாதிய வெச்சுட்டு எழுந்து போறாங்க?" என்றார் பாத்திரம் கழுவும் சின்னப்பாப்பா.

"வெயிலு."

ஜூனிலும் அதையே சொன்னார். மழை பெய்த அன்றும் அதையே சொன்னார்.

பிறகு ரோஷ்வெர் தோட்டத்து முதலாளியின் மகள் ஒதீல் வந்தார். அன்பழகன் காலையிலிருந்தே வியர்த்துக்கொண்டிருந்தார். "பாய், கெத்தா நில்லுங்க. உங்க மூக்கப் பத்தி அந்தம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசி வெச்சிருக்கேன்."

ஹாதி தக்கையைத் திருகினார். அது வழவழவென்று தானாகவே மேலே வந்தது. கிளாஸை முகர்ந்தார். வெறும் காற்று. தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. ஒதீல் கை நீட்டினார். கிளாஸைக் கொடுக்காமல் ஹாதி பிரெஞ்சில் சொன்னார்:

"மதாம், காய்ச்சல்லேந்து எனக்கு வாசனையே தெரியல."

ஒதீல் கிளாஸை வாங்கி முகர்ந்தார். நிறையவே நேரம் எடுத்துக்கொண்டார். "இது காடி. வெறும் வினிகர்."

"ஏசி..." அன்பழகன் ஸ்டோர் ரூம் பக்கம் பார்த்தார். "பாய் ஆஸ்பத்திரில இருந்தப்ப ஸ்டோர் ரூம் ஏசி நின்னுபோச்சு, பாட்டிலெல்லாம் சூடாயிருச்சு. ரிப்பேர் பண்ணிட்டோம். கெட்டுப்போயிருந்தா எப்படியும் பாய் மோந்து கண்டுபிடிச்சிருவாருன்னுதான்..."

கதவருகே நின்ற சின்னப்பாப்பா வாயைப் பொத்தினார். "கழுவும்போதெல்லாம் புளிச்ச நாத்தம் தூக்குச்சே! பிரெஞ்சுக்காரன் சரக்கு இப்படித்தான் நாறும்னு நான் நெனச்சிக்கினேனே!"

"அப்பலேந்து எவ்வளவு பேருக்கு ஊத்தினீங்க?" ஒதீல் ஹாதியைத்தான் கேட்டார்.

வந்தவர்கள் எல்லோருக்கும். அன்பழகனின் மகள் நிச்சயதார்த்தத்துக்கும்.

ஹாதி ஸ்டோர் ரூம் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். ஒதீல் அதைத் தொடவில்லை.

"திறங்க. இன்னைக்கு எல்லாத்தையும் நீங்களே திறங்க. நான் மோந்து பாக்குறேன்."

ஹாதி அடுத்த பாட்டிலை எடுத்தார். தக்கையைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தபடி திருகினார்.