ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள்

ஆஸ்பத்திரி நடையில் தம்பியை நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். சிறுநீரகம் கொடுக்க வருகிறவர்களைத் தனியாகத்தான் விசாரிப்பார்களாம்.

தமிழ் டொக்டரம்மா ஒருவர் இருந்தார். ஒரு கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஏன் குடுக்கிறீங்கள்?"

"தம்பிதானே."

"அது தெரியும். நீங்கள் ஏன் குடுக்கிறீங்கள்?"

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"பயமெண்டால் இப்பவே சொல்லுங்கோ. பொருந்தேல்லை எண்டு சொல்லிவிடுவம். வீட்டில ஒருத்தருக்கும் தெரியவராது."

"பயம்தான். அதையும் எழுதுங்கோ. ஆனால் குடுக்கிறன்."

மிச்சத்தை அங்கே சொல்லவில்லை. உங்களில் யாராவது அந்தக் கதிரையில் இருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் கலியாணம் கட்டவில்லை. வெள்ளவத்தையில் தம்பி வீட்டில் சமைத்துக்கொண்டு இருக்கிறேன். அவனுக்குக் கால் வீங்கி, டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கியபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கத்திக்குப் பயம். கொடுக்காமல் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக அதைவிடப் பயம்.

ஒப்பரேஷன் முடிந்தது. அவனுக்குச் சிறுநீர் போனது. வீட்டில் தம்பி மனைவி வசந்தி என்னை அடுப்படிக்கே விடவில்லை.

"மச்சாள், பானையைத் தூக்காதேங்கோ. இருங்கோ."

மீனின் நடுத்துண்டு என் சோற்றுக் கோப்பைக்கு வந்தது. பிடித்திருந்தது. சாப்பிடும்போதே நினைப்பேன், இது எனக்கா, நான் கொடுத்ததற்கா என்று. அந்தச் சிறுநீரகம் நின்றுவிட்டால்? அவன் கிளினிக் போகிற நாளில் எனக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை அவனுக்குக் கிரியேட்டினின் (இரத்தத்தில் தேங்கும் கழிவு) ஏறிவிட்டது. வீட்டுக்கு விடாமல் வார்டில் மறித்தார்கள். பயொப்சி (ஊசியால் துணுக்கெடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். முடிவு வரும்வரை கட்டிலருகே இருந்தேன். என் தழும்பும் இழுத்தது.

"நான் பழுதானதைத் தந்திட்டனோ?"

தம்பி சிரித்தான். "பழுதெண்டால் பையில போட்டுத் திருப்பித் தாறன், அக்கா."

"பகிடி விடாதை. அது நிண்டால் நான் அந்த வீட்டில ஆர்?"

வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் சிரிப்பு நின்றது.

"முந்தி ஆரா இருந்தனீங்கள்? பிந்தி வந்தால் ஏசிப்போட்டுச் சோறு போடுவீங்கள். இப்ப ஏசுறதேயில்லை. வசந்தியும் ஏசுறதில்லை. ரெண்டு பேரும் மெல்லமாக் கதைச்சால், சாகப்போறனெண்டு பயமாக் கிடக்கு."

அவனுடைய பயம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மேசையைப் பார்த்தேன். காலைக் குளிசை (மாத்திரை) அப்படியே கிடந்தது.

"உனக்கென்ன விசரே? குளிசையைப் போடாமல் கதை என்ன கதை! வாயைத் திற."

திறந்தான். கண் கலங்கியிருந்தது.

உடம்பு புதுச் சிறுநீரகத்தோடு சண்டை பிடிக்கிறது, மருந்தை மாற்றுகிறோம் என்றார்கள். கழிவு இறங்கியது. பழைய அளவுக்கு வரவில்லை. இது எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டோம். சொல்ல ஏலாது என்றார் டொக்டர்.

இப்போது பானையை நான்தான் தூக்குகிறேன். தம்பியை ஏசுகிறேன். பயம் போகவில்லை. கரையோரம் ரயில் போகும்போது வீடு அதிரும். தழும்பில் கை வைத்துக்கொள்வேன். எனக்கு மாதம் என்பது ஒரு கிளினிக்கிலிருந்து மற்றக் கிளினிக் வரைக்கும்தான்.

என்னிடம் ஒரு சிறுநீரகம் மிச்சம் இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். முன்பெல்லாம் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இருந்தால் குடிப்பேன். இப்போது முதல் கிளாஸை நான் குடிக்கிறேன்.